புதிய ரியல் எஸ்டேட் முகவர், தாம் சேர ஓர் அலுவலகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் முகவர் பதிவெண் கைக்கு வந்தவுடன் காரைக்குடிப் பக்கத்து இளைஞர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் கேட்பது, கமிஷனில் எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பதுதான். அலுவலகத்தின் பெயர், நடத்துபவரின் நாணயம் ஆகியவற்றை விசாரிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; அவர்கள் விசாரிக்காமல் விடுபவற்றையே இங்கே எழுதுகிறேன்.

அலுவலகத்தை விட்டு விலகினால் என்ன கிடைக்கும் என்று கேளாமை

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டுக்குக் கிரயம் முடிவது எளிதன்று. பங்காளிகளில் ஒருவர் சென்னையிலும் மற்றொருவர் பினாங்கிலும் இருப்பார்கள். வெளிநாட்டிலிருப்பவர் இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டும். அது இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்தியாக வேண்டும். இதற்குள் ஒரு பங்காளி காலமானால் வாரிசுச் சான்றிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படியொரு வீட்டுக்குப் பங்காளிகள் அனைவரையும் தேடிப் பிடித்து, யாருக்கு 12-இல் 1 பங்கு, யாருக்கு 36-இல் 1 பங்கு என்று வம்சக்கொடியாக ஒரு நீள நோட்டில் வரைந்து வைத்திருந்தார். கிரயத்துக்கு முன்பே வேறு அலுவலகத்துக்கு மாறினார். நோட்டு பழைய அலுவலகத்தின் பீரோவில் இருந்தது. தொலைபேசி எண்களெல்லாம் அவர்கள் கொடுத்த சிம்மில் இருந்தன. பத்திரம் பதிவானபோது, "அது எங்கள் பார்ட்டி" என்று சொல்லி முழுக் கமிஷனையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். இதைக் கேட்டு உச்சுக்கொட்டிய பையன்களே அடுத்த மாதம் ஒரு வரிகூட எழுதி வாங்காமல் வேலையில் சேர்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

விலகிய பின் எத்தனை மாதத்துக்குள் கிரயமானால் பங்கு உண்டு, முன்பணம் வாங்கிய நிலையில் என்ன பங்கு என்பவற்றைச் சேரும் நாளிலேயே எழுதி வாங்குங்கள். விலகும் நாளில், நடப்பிலுள்ள பார்ட்டிகளின் பட்டியலில் அலுவலக உரிமையாளரின் கையெழுத்தைப் பெறுங்கள். எண்கள் உங்கள் சொந்த சிம்மிலும் இருக்கட்டும்.

சதவீதத்தில் மயங்குவது

விளம்பரத்துக்கும் வண்டிக்கும் ஆகும் செலவைப் பங்கு பிரிப்பதற்கு முன் கழிப்பார்களா, உங்கள் பங்கிலிருந்து கழிப்பார்களா என்று கேளுங்கள்.

உறவினர் அலுவலகம்

சித்தப்பாவாக இருந்தாலும் எழுத்தில்தான்.

பதிவில்லாத மனைகளை விற்கச் சொல்லும் அலுவலகம்

ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டிய மனைப்பிரிவைப் பதிவின்றி விற்க உதவும் முகவருக்கு, 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு. பதிவெண் உங்களுடையது என்பதால், முதலாளி சொன்னார் என்று நழுவ முடியாது.

வீட்டைப் பிரித்து விற்பவர்கள்

சில அலுவலகங்களுக்கு வீட்டைவிடத் தேக்குத் தூண்களிலும் நிலைக்கதவுகளிலுமே கண். கடைசியாக அவர்கள் விற்றுக்கொடுத்த வீடுகள் எவை என்று கேட்டு, அவை இன்னும் நிற்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.