செங்கல் சூளையிலிருந்து வெளியே வந்தபோது என் வாக்குமூலத்தைப் பதிய வைத்த விதம்

அட்வான்ஸ் வாங்கிச் சூளையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். விசாரணைக்கு வந்த அதிகாரி முன்னால் எல்லாரும் "ரொம்பக் கஷ்டம் ஐயா" என்று அழுதோம், அவர் தலையாட்டினார், பேனாவைத் திறக்கவே இல்லை. எங்களோடு கல் அறுத்த ஒரு பெரியம்மாதான் காதோரமாகச் சொன்னார்: "அழுகையை அப்புறம் வச்சுக்க தம்பி, கணக்கைச் சொல்லு."

சொன்னேன். அட்வான்ஸ் 25,000 ரூபாய், ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, அதில் வாராவாரம் எவ்வளவு கழித்தார்கள், ரேஷன் கார்டு யார் கையில் இருந்தது, அப்பா சாவுக்குப் போகக் கேட்டபோது மேஸ்திரி "பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுப் போ" என்றது, எல்லாவற்றையும் அதே வார்த்தையில். அப்போதுதான் பேனா ஓடியது.

1976 கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டப்படி அந்த அட்வான்ஸ் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது, நம்முடையது இல்லை. இது தெரியாமல்தான் பாதிப் பேர் "வாங்கினது நிஜம்தானே" என்று வாயை மூடிக்கொள்கிறோம். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டோம் என்று அதிகாரி தரும் விடுதலைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள், உடனடி உதவித் தொகை 30,000 ரூபாய் வரை உண்டு.

படம் எடுக்க வந்தவர்கள் என் மகளைக் கல் தூக்கி நிற்கச் சொன்னார்கள், முடியாது என்றேன். வேண்டுமானால் என்னை எடுங்கள், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன், எடுத்தார்கள்.

கைநாட்டு வைக்கும் முன் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.