செம்பருத்திப் பூவில் குளுகுளு சர்பத்

ஐந்து இதழ் கொண்ட சிவப்புச் செம்பருத்தி பத்து எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து அடிக்காத செடியின் பூவாக இருக்கட்டும். காம்பு, பூவின் அடியைச் சுற்றியிருக்கும் பச்சைப் புல்லி, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டு எல்லாவற்றையும் கிள்ளிவிட்டு இதழ்களை மட்டும் அலசுங்கள். எறும்பு ஒளிந்திருக்கும், பார்த்து!

இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகு இதழ்களைப் போட்டு மூடுங்கள். பத்து நிமிடத்தில் இதழ் வெளுத்துவிடும். தண்ணீர் ஒரு மாதிரி மங்கிய ஊதா நிறத்தில் நிற்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் கெட்டுப்போய்விட்டதோ என்று கொட்டிவிடுவார்கள். கொட்டாதீர்கள். வடிகட்டி, நாலு ஸ்பூன் சர்க்கரை கரைத்து, ஆறியதும் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சட்டென்று பளிச் சிவப்பாக மாறும். பூவிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பு பட்டால் அப்படித்தான். குழந்தைகள் எதிரில் பிழிந்தால் நல்ல வேடிக்கை.

இந்தப் பூவுக்கென்று பெரிய ருசி கிடையாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதனால் துளி உப்பும் தட்டிய இஞ்சியும் சேர்ப்பது என் வழக்கம். 'ஹைபிஸ்கஸ் டீ' என்று காயவைத்து விற்பது பெரும்பாலும் புளிச்சைக் கீரை இனத்துப் பூவின் புல்லி. அதில் புளிப்பு ஏற்கெனவே இருப்பதால் எலுமிச்சையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இரும்புப் பாத்திரம் வேண்டாம், நிறம் கறுத்துவிடும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.