சைக்கிள் ஸ்டிக்கரில் நாட்டின் பெயரைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

புது சைக்கிளைப் பார்த்ததும் சிலர் குனிந்து ஃபிரேமின் அடியைத்தான் பார்ப்பார்கள். ஸ்டிக்கரில் சீனா என்றிருந்தால் முகம் சுருங்கும், தைவான் என்றிருந்தால் பர்ஸ் திறக்கும். விற்கிறவருக்கும் இது நன்றாகவே தெரியும்.

அந்த ஸ்டிக்கர் பெரும்பாலும் வண்டியின் பாகங்களை எங்கே சேர்த்துப் பூட்டி முடித்தார்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஃபிரேம் வேறு நாட்டில் வெல்டிங் ஆகியிருக்கலாம். கியர், பிரேக் செய்யும் ஷிமானோ ஜப்பானியக் கம்பெனிதான், ஆனால் அதற்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனாவிலும் ஆலைகள் உண்டு.

ஆலை நாடு மாறினால் தரமும் மாறிவிட்டது என்று நினைப்பது அடுத்த தவறு. பல நேரம் மாறுவது வரிக்கணக்குதான். ஐரோப்பிய ஒன்றியம் 1993 முதல் சீன சைக்கிள்களுக்குத் தனி வரி போட்டது, 2005-இல் அது 48.5 சதவீதமானது. அதைத் தாங்க முடியாத விற்பனை வேறு வழி தேடியது. தைவான் முதலீட்டில் கம்போடியாவில் ஆலைகள் எழுந்தன, அங்கிருந்து ஐரோப்பாவுக்கு வண்டிகள் போயின.

பிராண்டின் ஊரை நம்புவதும் இதே கதைதான். சிகாகோவின் சைக்கிள் கம்பெனி ஷ்வின், தன் ஆலையில் நடந்த 1980 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தைவானின் ஜயண்ட் கம்பெனியிடம் ஏராளமாக வண்டிகள் செய்து வாங்கியது. பெயர் ஒருவருடையது, கைவேலை இன்னொருவருடையது. ஷ்வின் சீனா பக்கம் திரும்பியபோது ஜயண்ட் சொந்தப் பெயரிலேயே விற்கத் தொடங்கியிருந்தது. 1992-இல் ஷ்வின் திவாலானது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஐஎஸ்ஓ 4210 பாதுகாப்புத் தரத்தின்படி சோதித்ததா என்று கேளுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் வெல்டிங்கைத் தடவிப் பாருங்கள். மீன் செதில் போல ஒரே சீராக ஓடினால் நல்லது. (மழமழவென்று தேய்த்து பெயிண்ட் அடித்திருந்தால் இந்தச் சோதனை பலிக்காது.) 6061 என்ற அலுமினியக் கலவையில் செய்த ஃபிரேமை வெல்டிங் செய்தபின் முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் இணைப்பருகே வலு வெகுவாகக் குறையும். அது கண்ணுக்குத் தெரியாது, எந்த நாட்டிலும் விட்டுப்போகலாம். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். ரிம், பிரேக் கட்டையை ஒரு சுற்றுக்கு ஒருமுறை தொட்டால் பெண்டு எடுக்காமலே விற்கிறார்கள்.

என்னைக் கேட்டால், நாட்டைவிடப் பெரிய விஷயம் கடையில் நடக்கும் கடைசிப் பூட்டல். வண்டி அட்டைப்பெட்டியில் வரும்போது முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல் எல்லாம் கழற்றித்தான் இருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டிய புது வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். என் வண்டி ஒன்றில் இடது பெடலை வலதுபோலவே நினைத்து ஸ்பேனரால் முறுக்கிவிட்டார்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். இரண்டே வாரத்தில் பெடல் கழன்று விழுந்தது, பெடல் மாட்டும் கிராங்கின் மரை தேய்ந்துபோய் அதையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு முதல் சில சுற்றைக் கையாலேயே திருகச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.