மாரிக்கு முன் மொரிஸ் மைனரின் வைப்பர்: மோட்டரை மாற்றுமுன் இதைச் செய்து பாருங்கள்

மாரி தொடங்குகிற நேரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: “வைப்பர் ஊர்ந்து ஊர்ந்து போகுது, மோட்டர் மாத்தவேணுமோ?” பெரும்பாலும் வேண்டாம்.

இதை நான் காசு செலவழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மாமா எனக்குத் தந்த மொரிஸ் மைனர் 1000இன் வைப்பர் பாதிவழியில் நிற்கத் தொடங்கியபோது, ஒரு கராச்சில் மோட்டரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். அடுத்த மாரியில் அதே கதை, இன்னொரு மோட்டர். மூன்றாம் தடவை நானே கழற்றிப் பார்த்தேன். மோட்டருக்கும் வைப்பர் கைகளுக்கும் நடுவே ஓடும் குழாயில் கிறீஸ் பழம்புளி மாதிரி இறுகிக் கிடந்தது. எந்த மோட்டரைப் பூட்டினாலும் அதை இழுத்திருக்காது. பழைய மோட்டர் இரண்டிலும் ஒரு பழுதும் இல்லை.

அதனால் கீழே உள்ள வேலைகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். வெளியிலிருந்து உள்ளே போகிற வரிசை இது. மோட்டர் கடைசியில்தான் வரும்.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

1956 தொடக்கம் 1971 வரை வந்த மைனர் 1000ஐ வைத்து எழுதுகிறேன். கார் மின்சாமான்கள் செய்த பிரித்தானியக் கம்பனியான லூக்காஸின் இதே முறைதான் மினி, ட்ரையம்ப் ஹெரால்ட், எம்ஜிபி போன்ற கார்களிலும் இருக்கிறது.

மோட்டர் சுற்றும். அந்தச் சுற்றை அதன் கியர் பெட்டி முன்னும் பின்னுமான இழுப்பாக மாற்றும். அந்த இழுப்பை எடுத்துப்போவது வளையக்கூடிய ஒரு தடித்த கம்பி. அதன்மேல் இன்னொரு கம்பி ஸ்பிரிங் போல இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும், அந்தச் சுற்றுகள்தான் பற்கள். இந்தப் பற்கம்பி ஓர் உலோகக் குழாய்க்குள் ஓடும். முன்கண்ணாடியின் கீழே, இரண்டு கைகளுக்கும் நேரே, வீல் பொக்ஸ் எனப்படும் சிறு பெட்டிகள் இரண்டு இருக்கும். அவற்றுக்குள் இருக்கும் பல்லுச்சக்கரங்களைப் பற்கம்பி உருட்ட, வெளியே தெரியும் தண்டு திரும்பித் திரும்பி வரும். முந்திய மைனர் 1000களில் இரு கைகளும் கைதட்டுவது போல எதிரெதிரே போகும், பிந்தியவற்றில் ஒரே பக்கமாகப் போகும். இரண்டுக்கும் பராமரிப்பு ஒன்றுதான்.

போர்ட் ஆங்கிலியா 100ஈ வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதில் வைப்பரை ஓட்டுவது மின்சாரம் அல்ல, இயந்திரம் காற்றை உறிஞ்சும் இழுப்பு. மேட்டில் ஏறும்போது அக்சிலரேற்றரை மிதித்தால் இழுப்புக் குறையும், வைப்பரும் சோரும். அது பழுது இல்லை, அதன் இயல்பே அப்படித்தான். ஆனால் வழக்கத்தைவிட மோசமாகச் சோர்ந்தால் றப்பர் குழாய் எங்காவது வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை 1: அசையவே இல்லை என்றால் பியூஸ்

பிரேக் பிடிக்கும்போது பின் விளக்கு எரிகிறதா? பெற்றோல் முள் ஏறுகிறதா? மைனரில் இவையும் வைப்பரும் ஏ4 என்று குறித்த ஒரே பியூஸில்தான் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து செத்திருந்தால் பியூஸைப் பாருங்கள்.

புதிதாக வாங்கும்போது கவனம் வேண்டும். பழைய லூக்காஸ் கண்ணாடிப் பியூஸில் 35 அம்பியர் என்று எழுதியிருப்பது அது எரிந்து அறுகிற அளவு. அது தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். இன்றைய பியூஸ்களில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. எண் ஒன்றுதானே என்று இன்றைய 35ஐப் போட்டால், பியூஸ் அறுவதற்கு முன் வயர் கருகும்.

வைப்பர் மட்டும் அசையவில்லை என்றால் எர்த் வயரைப் பாருங்கள். மோட்டர் றப்பர்மேல் உட்கார்ந்திருந்தால் உடலோடு அதற்குத் தொடர்பு அந்த ஒரு வயரால்தான். அதன் நுனியைக் கழற்றி, துரு போகத் தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள்.

வேலை 2: கண்ணாடியும் பிளேட்டும்

கண்ணாடி காய்ந்திருக்கும்போது வைப்பரைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். காய்ந்த றப்பர் கண்ணாடியைப் பிடித்து இழுக்கும், மோட்டருக்குப் பெரிய சுமை.

கார் பொலிஷில் உள்ள மெழுகு கண்ணாடியில் படிந்தால் பிளேட் தத்தித் தத்திப் போகும், கோடு கோடாக நீர் நிற்கும். கண்ணாடியை வினாகிரி கலந்த தண்ணீரால் கழுவி, பழைய பத்திரிகைத் தாளால் துடையுங்கள். பிளேட்டின் விளிம்பை மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் இரண்டு மூன்று தடவை வழியுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்காவிட்டால் அந்த றப்பர் முடிந்தது.

புது பிளேட் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். கையில் மாட்டுகிற முனை காருக்குக் கார் வேறு. 1956க்கு முந்திய மைனரின் முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள், 1000இனுடையது வளைந்த ஒரே கண்ணாடி. தட்டைக்கு வந்த விறைப்பான பிளேட்டை வளைவில் போட்டால் இரண்டு நுனியிலும் துடைக்காது.

வேலை 3: கைகளைக் கழற்றிப் பாருங்கள்

கழற்றுமுன் பிளேட்டை விரலால் லேசாக ஆட்டி, எவ்வளவு சும்மா ஆடுகிறது என்று பாருங்கள், வேலை 5இல் அது தேவைப்படும். கைகளின் அடியில், தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சிறு கிளிப் இருக்கும். பெயின்ற்மேல் மடித்த துணி ஒன்றைப் போட்டு, தட்டை ஸ்குறூ டிறைவரால் கிளிப்பை மெல்ல நெம்பிக்கொண்டு கையை மேலே இழுங்கள். கை தண்டின் எந்தப் பல்லில் உட்கார்ந்திருந்தது என்று முதலே பென்சிலால் குறித்து வையுங்கள்.

கையைப் பிடித்துப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளவே கூடாது. மோட்டரின் கியர் பின்னோக்கித் திரும்பாது, நீங்கள் தள்ளுகிற பலம் முழுக்க வீல் பொக்ஸின் பற்களில்தான் விழும். கார் கழுவும்போது இதைச் செய்பவர்கள் நிறையப் பேர்.

இப்போது சுவிட்சைப் போடுங்கள். கைகள் இல்லாமல் தண்டுகள் சுறுசுறுப்பாகத் திரும்பினால் குறை கையிலோ பிளேட்டிலோ. அப்போதும் இழுபட்டால் அடுத்ததற்குப் போங்கள்.

வேலை 4: பற்கம்பி

முழு வேலையிலும் முக்கியமானது இதுதான், ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். முதலில் பற்றரியின் வயரைக் கழற்றுங்கள்.

குழாயைத் தொடர்ந்து போனால் மோட்டர் வரும். கியர் பெட்டியின் மூடியில் உள்ள ஸ்குறூக்களைக் கழற்றுங்கள். மூடிமேல் வட்டக் குமிழ் ஒன்று இருந்தால், அது வைப்பர் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. அதற்கும் மூடிக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். உள்ளே சக்கரத்தையும் பற்கம்பியின் தலையையும் இணைக்கும் தண்டு தெரியும். அதைப் பிடித்திருக்கும் கிளிப்பை எடுத்துத் தண்டைத் தூக்கினால் பற்கம்பி தனியாகிவிடும். கழற்றுகிற ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுங்கள்.

இப்போது சந்தையில் மீன் நிறுக்கும் வில் தராசு ஒன்றை இரவல் வாங்குங்கள். அதன் கொக்கியைப் பற்கம்பியின் தலையில் மாட்டி மெதுவாக இழுங்கள். அந்தக் காலத்துத் திருத்தக் கையேடுகள் சொல்லும் எல்லை 6 இறாத்தல், ஏறத்தாழ 2.7 கிலோ. அதற்கு மேல் கேட்டால் சுமை குழாயில் இருக்கிறது என்று அர்த்தம்.

பற்கம்பியை முழுதாக வெளியே உருவுங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் சுற்றுகளுக்கு இடையே தேயுங்கள். குழாய்க்குள் மண்ணெண்ணெயில் தோய்த்த துணித் துண்டை மெல்லிய கம்பியில் கட்டி இழுங்கள், துணி சுத்தமாக வரும்வரை. துணி ஓரிடத்தில் சிக்கினால் அங்கே குழாய் நசுங்கியிருக்கிறது. முன்பு யாரோ டாஷ்போட்டின் பின்னால் வேலை செய்தபோது மிதித்திருப்பார்கள் அல்லது வளைத்திருப்பார்கள். நசுங்கிய துண்டை மாற்றத்தான் வேண்டும்.

காய்ந்தபின் லிதியம் கிறீஸைப் பற்கம்பி முழுவதும் மெல்லிதாகப் பூசுங்கள். திரவ எண்ணெய் விடாதீர்கள், கொஞ்ச நாளில் வழிந்தோடி வெறும் இரும்பாகிவிடும்.

வேலை 5: வீல் பொக்ஸ்

கைகளைக் கழற்றுமுன் பிளேட்டை லேசாக ஆட்டியபோது இரண்டு விரல் அகலம் சும்மா ஆடியதா? அப்படியென்றால் பல்லுச்சக்கரம் தேய்ந்திருக்கிறது. புதியது தேட அவசரப்பட வேண்டாம். சக்கரம் முழுவட்டம், ஆனால் பற்கம்பி அதில் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. பற்கம்பி வெளியே இருக்கும்போது தண்டைக் கையால் அரைச்சுற்றுத் திருப்பிவிடுங்கள். இத்தனை வருடமும் வேலை செய்யாத பற்கள் இப்போது முன்னுக்கு வரும். அப்புறம் பற்கம்பியை மெல்லத் தள்ளுங்கள். ஒவ்வொரு வீல் பொக்ஸிலும் தடக்கும், தண்டைக் கொஞ்சம் ஆட்டிக் கொடுத்தால் பல்லில் ஏறும்.

தண்டு வெளியே வருகிற இடத்தில் உள்ள றப்பர் வெடித்திருந்தால் மழைநீர் உங்கள் முழங்காலில் சொட்டும். நல்ல நிலையில் இருந்தால் மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கி, தண்டுக்கும் றப்பருக்கும் இடையே சில துளி விடுங்கள். எண்ணெய் றப்பரைக் கெடுக்கும், கிளிசரின் கெடுக்காது.

வேலை 6: இப்போதுதான் மோட்டர்

பற்கம்பியை மாட்டுமுன் பற்றரியின் வயரைப் பூட்டி, மோட்டரை மட்டும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, வயரைத் திரும்பக் கழற்றுங்கள். சீராக ஓடினால் அதைத் தொடாதீர்கள். கியர் பெட்டிக்குள் பழைய கிறீஸை வழித்தெடுத்துப் புதியது வையுங்கள், போதும். விட்டுவிட்டு ஓடினால் மோட்டரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் காபன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது அது உரசும் செப்புப் பகுதி கறுத்திருக்கலாம். பெற்றோல் தோய்த்த துணியால் செப்பைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் பூட்டுங்கள்.

இரவில் கார் சந்தியில் நிற்கும்போது மட்டும் வைப்பர் மெதுவானால் கவலை வேண்டாம். மைனரில் இருப்பது டைனமோ. இயந்திரம் மெல்ல ஓடும்போது அது மின்சாரம் தராது, விளக்கும் வைப்பரும் பற்றரியையே உறிஞ்சும்.

எல்லாம் பூட்டிய பிறகு, கைகளை மாட்டாமல் சுவிட்சைப் போட்டு நிறுத்துங்கள். தண்டுகள் தம் இடத்தில் வந்து நின்றபின் குறித்த பல்லில் கைகளை மாட்டுங்கள். பற்கம்பியை உருவியோ தண்டைத் திருப்பியோ இருந்தால் அந்தக் குறி பொருந்தாது, பிளேட் முன்பு நின்ற இடத்துக்கு வரும்படி மாட்டுங்கள்.

தண்ணீர் தெளிக்கும் பம்பும் மற்றச் சாமான்களும்

பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் காரில் ஸ்பெயார் ரயரின் காற்றுத்தான் கண்ணாடிக்குத் தண்ணீர் தள்ளும். மைனரில் டாஷ்போட்டில் உள்ள குமிழைக் கையால் அழுத்த வேண்டும். அழுத்தியும் வரவில்லை என்றால் முதலில் பீச்சும் துளையை மெல்லிய ஊசியால் குத்துங்கள். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்திலில் படிகிற அதே வெள்ளை இங்கேயும் அடைக்கும். மழைநீரைப் பிடித்து ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

மின்சாரப் பம்ப் பூட்ட நினைப்பவர்கள் முதலில் பற்றரியின் எந்த முனை காரின் உடலோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது உடலோடு சேர்ந்திருந்தது பொசிற்றிவ் முனை. மாற்றப்படாத காரில் புதுப் பம்பின் வயர்களை வழக்கம்போல இணைத்தால் அது பின்பக்கமாகச் சுற்றும், தண்ணீர் சரியாக வராது. வயர் இரண்டையும் மாற்றி இணைத்தால் சரி. கைபேசி சார்ஜரையோ ரேடியோவையோ அந்தக் காரில் நேரே பூட்டினால் கருகிவிடும். பம்பைப் போல வயரை மாற்றி இணைத்துத் தப்பவும் முடியாது, ஏனென்றால் பெரும்பாலான ரேடியோக்களின் தகரக் கூடே நெகற்றிவ்.