ஊரில் வாங்கி வந்த பி.சி.சி. (குற்றப் பின்னணி பற்றிய போலீஸ் சான்றிதழ்) கனடா பி.ஆருக்குச் செல்லுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

கனடாவுக்குப் படிக்க வந்து, வேலையில் சேர்ந்து, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (திறமையான வேலையாட்களைத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் முறை) பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) போடப்போகும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர், "பி.சி.சி.தானே, ஃபிளைட் ஏறும் முன்பே வாங்கிட்டேன்" என்கிறார்கள். அது செல்லாது. இந்தியாவில் கடைசியாகத் தொடர்ந்து 6 மாதம் வசித்து முடித்த பிறகு கொடுக்கப்பட்ட சான்றிதழைத்தான் கனடா கேட்கிறது. எனவே இங்கே கனடாவிலிருந்தே மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வந்ததும் வாங்கி வைத்தாலும் சரிதான். பிறகு பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் அதற்குப் பாதகமில்லை.

18 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில், தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வசித்த நாடு ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வேண்டும். நடுவில் துபாயில் வேலை பார்த்தவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.ஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தபின் கையில் இருப்பது 60 நாள்தான், அதுவரை காத்திருக்காதீர்கள்.

எந்தக் காகிதம் என்பதிலும் குழப்பம் உண்டு. எஸ்.பி. ஆபீசில் எழுதி வாங்கும் கடிதமோ, வேலைக்காகத் தமிழ்நாடு காவல்துறை இணையத்தில் தரும் சரிபார்ப்பு அறிக்கையோ எடுபடாது. ஊரில் இருந்தால் பாஸ்போர்ட் அலுவலகம் தருவது, இங்கே இருந்தால் இந்தியத் தூதரகம் வழியாக வருவது, இவைதான் செல்லும். ஊரில் கட்டணம் 500 ரூபாய்; செப்டம்பர் 2022 முதல் தபால் நிலையப் பாஸ்போர்ட் மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். விசாரணைக்கு வரும் போலீசுக்கென்று தனிக் கட்டணம் எதுவும் கிடையாது.

பி.சி.சி. படிவத்தில் முகவரிதான் நம்மவர்களைப் படுத்துகிறது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஓசூர், ஊத்தங்கரைப் பக்கம் பிறந்தவர்களின் பழைய சான்றிதழ்களில் "தர்மபுரி மாவட்டம்" என்றே இருக்கும். அதைப் பார்த்து அப்படியே எழுதிவிடாதீர்கள். இன்றைய மாவட்டத்தையும், வீடு எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறதோ அதையும் கேட்டு எழுதுங்கள். மாவட்டம் மாறினால் ஃபைல் வேறு ஊருக்குப் போய் உட்கார்ந்துவிடும். இன்னொரு கூட்டம், பாஸ்போர்ட்டில் ஓசூர் முகவரி வைத்துக்கொண்டு பெங்களூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்த்தவர்கள். கனடாவின் பி.ஆர். படிவத்தில் பெங்களூர் முகவரியைத் தேதியோடு காட்டுங்கள். இரண்டு ஊரும் ஒரே நாடு என்பதால் சான்றிதழ் ஒன்றே போதும்.

ஊரில் விசாரணை நடந்தால் போன் வரும். படிவத்தில் இந்திய எண் கேட்டால் அப்பாவுடையதோ அண்ணனுடையதோ கொடுங்கள். பாலக்கோட்டுச் சந்தையில் நிற்கும்போது ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் அப்பாவுக்குக் கை உதறும், "என் பி.சி.சி.க்காகப் போலீஸ் கூப்பிடுவாங்க, பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. விசாரணை தேவைப்பட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் எப்படி விரிந்திருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் பெயரை எழுதுங்கள். கனடாவில் இருந்த காலத்துக்குப் போலீஸ் சான்றிதழ் பொதுவாகத் தேவையில்லை. அவர்களாகக் கேட்டால் மட்டும் கொடுங்கள்.