பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னாலேயே கிளம்புங்கள்

பாலைவனத்தில் நிலா வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும் என்றதும் எல்லாரும் நாள்காட்டியில் பௌர்ணமியைத்தான் வட்டம் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். இப்போது வளர்பிறை துவாதசி, திரயோதசிக்குத்தான் போகிறேன்.

காரணம், மணலில் உள்ள வரிகள். காற்று இழுத்துவிட்ட அந்த வரிகளுக்கு உயரம் விரற்கடைகூட இருக்காது. நிலா மேலே ஏறிவிட்டால் அவை மறைந்து, மணல் விரித்த போர்வை மாதிரி தட்டையாகிவிடும். நிலா தாழ்ந்து, பக்கவாட்டில் இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கறுப்பு ஓரம் விழும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அது வானத்தில் சுமார் 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து இரண்டு முட்டி உயரத்துக்குள் நிலா இருக்கும் நேரம்தான் எனக்கு வேண்டும். பௌர்ணமியன்று அது அவ்வளவு தாழ்ந்திருக்கும்போது அந்தி வெளிச்சமோ விடியல் வெளிச்சமோ கலந்துவிடுகிறது. மூன்று நாள் முன்னால் போனால், விடிய இரண்டரை மணி நேரம் இருக்கும்போதே நிலா மறையும். அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் சுத்தமான நிலா வெளிச்சம். பொழுது சாயும்போதே நிலா வானத்தில் இருப்பதால், இடம் பார்ப்பதையும் வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம்.

இடம் பார்க்கும்போது ஒன்று: மேட்டின் முகட்டில் ஏறிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதல் தடவை நான் ஏறினேன். அன்று எடுத்த படம் அத்தனையிலும் நடுவில் என் செருப்புத் தடம். எந்தப் பக்கம் படமெடுக்கப் போகிறீர்களோ அந்தப் பக்கம் காலே வைக்காதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள்.

டிரைபாடின் கடைசிக் கால்துண்டை ஒரு சாண் வெளியே இழுத்துவிட்டு மணலில் அழுத்துங்கள். இல்லையென்றால் பூட்டு மணலுக்குள் போய், அடுத்த முறை திருகும்போது கரகர என்று கத்தும். அழுத்திய பிறகு இரண்டு நிமிடம் விடுங்கள், கால்கள் இறங்கி நிற்கட்டும். லென்ஸ் மாற்றுவதைக் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் மணல் பட்டால் ஊதுகுழாயால் ஊதுங்கள். துணியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

ஃபோகஸுக்கு: லைவ் வியூவில் (லென்ஸ் பார்ப்பதைத் திரையில் நேரடியாகக் காட்டும் வசதி) ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது ஊசிமுனைப் புள்ளியாகும்வரை வளையத்தைக் கையால் திருப்பி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். முன்னால் உள்ள வரிகளும் தெளிவாக வேண்டும் என்றால் கொஞ்ச தூரத்தில் டார்ச்சை வைத்து அதில் ஃபோகஸ் செய்து, இன்னொரு படம் எடுத்துப் பிறகு இணைக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

எக்ஸ்போஷர் கணக்கு, அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும் என்பது: முழு நிலவின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் சுமார் 4 லட்சத்தில் ஒரு பங்கு. உயரத்தில் நிற்கும் முழு நிலவுக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 1600, எஃப் (லென்ஸ் திறப்பு) 2.8, 8 விநாடி வைத்தால் பகல் மாதிரியே வரும். துவாதசி நிலவில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் கிடைக்கும். தாழ்ந்து வரும்போது இன்னும் குறையும். நான் 20 விநாடியில் தொடங்குகிறேன். 20 எம்எம் லென்ஸில் 25 விநாடியைத் தாண்டினால் நட்சத்திரங்கள் கோடாக நீளும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவைத்தான் ஏற்ற வேண்டும்.

ஒரு ராத்திரி முழுக்கக் கேமராத் திரையை நம்பி எடுத்தேன். இருட்டில் அந்தத் திரை எதையும் பளபளவென்று காட்டும். வீட்டுக்கு வந்து திறந்தால் எல்லாம் கரி. இப்போது திரை வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடத்தை, மட்டும் பார்க்கிறேன். அந்த வரைபடத்தின் மேடு இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள்.

அதேசமயம், பகலென்றே தோன்றும் அளவுக்கு வெளிச்சமாக்கினால் ராத்திரி போய்விடும். ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) 'பகல் வெளிச்சம்' என்பதில் விட்டால் மணல் மஞ்சளாக வரும். நம் கண்ணுக்கு அது நீலம் பாய்ந்துதான் தெரிந்திருக்கும். நான் அதை 4000 கெல்வின் பக்கம் வைத்து, பிறகு நிறத்தை மாற்ற வசதியான RAW கோப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். பாலைவனத்தில் பின்னிரவுக் குளிர் பேட்டரியைக் குடித்துவிடும், அதுவும் நிலா சரியான உயரத்துக்கு இறங்கும் நேரமாகப் பார்த்து.