யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைக்கு: நண்பர்களோடு கிரிக்கெட் பார்க்கப் போவது எப்படி?

யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள மண்டைதீவில் அமையவுள்ள சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே முதற் பந்து வீசப்படும் நாள் வரையில், யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் ஒரு சர்வதேச ஆட்டத்தை நேரிற் பார்க்க விரும்பினால் ஆனையிறவைத் தாண்டித் தெற்கே போயே ஆக வேண்டும். அவ்வாறு போகக்கூடிய மைதானங்களுள் நமக்கு மிக அண்மையில் இருப்பது ரங்கிரி தம்புள்ளை சர்வதேச மைதானம். ஏ9 வீதியில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரம். வான் ஒன்றில் இடையில் நின்று நின்று போனால் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும்.

வடக்கின் பெரும்போர் எனப்படும் பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டத்தைக் கோட்டைக்கு அருகிலுள்ள மத்திய கல்லூரி மைதானத்தில் பார்த்துப் பழகிய நாம், ஆட்டம் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். தம்புள்ளைப் பயணத்தையும் அதே மனப்பாங்கோடு தொடங்குவதுதான் பலரும் விடும் பிழை. புறப்படும் நேரத்தைப் பேசி முடிப்பதற்கு முன்னர், திரும்பி வரும் நேரத்தைப் பேசி முடியுங்கள். வானில் எத்தனை பேர், எந்த நுழைவுச்சீட்டு, எவ்வளவு காசு என்பவையெல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து தாமாகவே வந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். பகலிரவு ஒருநாள் ஆட்டம் வழமையாகப் பிற்பகல் 2.30இற்குத் தொடங்கி இரவு பத்தேகாலை அண்டி முடியும். இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் இருபது ஓவர் ஆட்டமும் பத்தரை, பத்தேமுக்காலுக்கு முன்னர் முடிவதில்லை. சனத்தோடு சனமாக வெளியே வந்து, வானைத் தேடி, ஆட்களை எண்ணி ஏற்றி முடிக்கப் பதினொரு மணியாகிவிடும். அப்போது புறப்பட்டால் வவுனியாவை அடையும்போது அதிகாலை ஒன்றரை. அதன் பின்னர் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று காட்டை ஊடறுத்து நேராக ஓடும் வீதியில், மனிதனுக்கு மிகக் கடுமையாக நித்திரை வரும் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடைப்பட்ட பொழுதில், சாரதி தனியே கண் விழித்திருக்க வேண்டும். பின்னால் இருக்கும் பத்துப் பேரும் அந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீதியின் சூட்டுக்குத் தாரில் வந்து படுத்திருக்கும் மாடுகள் வன்னியில் புதினமல்ல, யானைகளும் கடக்கும். நாங்கள் முதன்முறை போனபோது அன்றிரவே திரும்பினோம். மாங்குளத்துக்கு அண்மையில் வான் கிறவலில் இறங்கிய சத்தத்தில்தான் எல்லோரும் கண் விழித்தோம். முன்விளக்கு வெளிச்சத்தில் ஒரு பசு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு நாங்கள் ஒருமுறைகூட இரவோடிரவாகத் திரும்பியதில்லை.

ஆகவே தம்புள்ளையில் ஓர் இரவு தங்குங்கள். குகை விகாரையையும் சீகிரியாவையும் பார்க்க வரும் பயணிகளுக்காக அங்கே சிறிய விடுதிகள் நிறைய உண்டு. ஆனால் ஆட்டம் அறிவிக்கப்பட்டதும் அவை விரைவாக நிரம்பிவிடும் என்பதால், நுழைவுச்சீட்டு வாங்கும் அன்றே அறையையும் ஒழுங்கு செய்துவிட வேண்டும். தங்கவே முடியாது என்றால், வாகனம் ஓட்டத் தெரிந்த இருவர் குழுவில் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் பிற்பகலில் இரண்டு மணித்தியாலமாவது படுத்தெழும்ப வேண்டும். இருவருமே மதுவைத் தொடக்கூடாது. மூன்றாவது நிபந்தனைக்கு உடன்படும் இருவரைத் தேடுவதைவிட அறை எடுப்பது இலகு என்பது என் அனுபவம்.

நுழைவுச்சீட்டுகளை இலங்கைக் கிரிக்கெட் நிறுவனத்தின் இணையத்தளத்தினூடாக வாங்கலாம். எல்லாச் சீட்டுகளையும் ஒருவருடைய கைபேசியிலேயே வைத்திருக்க வேண்டாம். வழி முழுவதும் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த கைபேசி வாயிலுக்கு வரும்போது மின்னேற்றம் இல்லாமல் அணைந்துவிடும். ஆளுக்கொன்றாக அனுப்பிவிடுவது நல்லது. அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. வான் வாடகை, டீசல், அறை, சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி, புறப்படுவதற்கு முதல் நாளே ஒருவரிடம் சேர்த்துவிட வேண்டும். நண்பர்களிடம் பிறகு வாங்கலாம் என்று விட்ட காசு திரும்பி வந்த வரலாறு குறைவு.

இருக்கையைத் தெரிவு செய்யும்போது விலையை மட்டும் பார்க்காமல் சூரியனையும் பாருங்கள். கைபேசியின் வரைபடத்தில் மைதானத்தைப் பார்த்து, மேற்குப் பக்கம் எதுவென்று கண்டுகொண்டு, இயன்றவரை அங்கே இடம் எடுக்க வேண்டும். கூரை இருந்தால் மூன்று மணிக்குப் பிறகு நிழல் கிடைக்கும். கூரை இல்லாவிட்டாலும் வெயில் முகத்தில் அல்லாமல் முதுகில் விழும். கிழக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முதல் இன்னிங்ஸ் முழுவதும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். இதற்கு அடுத்தது, ஆடுகளத்துக்கு நேராக இருப்பதா, பக்கவாட்டில் இருப்பதா என்ற கேள்வி. பந்து திரும்புவதையும் வளைவதையும் காண வேண்டுமென்றால் நேராக இருக்க வேண்டும். பந்தின் வேகத்தையும் ரன் அவுட்டையும் இரசிக்கப் பக்கவாட்டு இடமே சிறந்தது. சுழற்பந்தை விரும்பும் நான் நேர் இடத்துக்கே கூடுதலாகக் கொடுப்பேன்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்த மைதானம் தம்புள்ளை விகாரைக்குச் சொந்தமான காணியில், பாறையையும் வாவியையும் நோக்கியவாறு அமைக்கப்பட்டு, 2001 மார்ச் மாதத்தில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தோடு சர்வதேசப் போட்டிகளைத் தொடங்கியது. உலர் வலயத்தில் இதைக் கட்டியதன் நோக்கமே, கொழும்பிலும் காலியிலும் தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் இங்கே விளையாடலாம் என்பதுதான். எனவே ஜூன் முதல் செப்டெம்பர் வரையான ஆட்டங்களுக்கு மழைப் பயம் குறைவு. அதற்குப் பதிலாக நாம் ஊரில் சோளகம் என்று சொல்லும் அதே காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும். ஒக்டோபருக்குப் பிறகு நிலைமை தலைகீழாகிவிடும்.

பகலிரவு ஆட்டத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து காலை ஐந்தரைக்குப் புறப்படுவது சரியாக இருக்கும். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் எந்தச் சாரதியும் போகமாட்டார். ஒரு தேங்காயை உடைத்து, கச்சானும் வாங்கிக்கொள்ளுங்கள். வவுனியாவில் காலைச் சாப்பாட்டை முடித்தால் அடுத்த நிறுத்தம் மதவாச்சி, மிகிந்தலை கடந்து கெக்கிராவையில் ஒரு தேநீருக்காக இருக்கலாம். ஊரிலிருந்து வாங்கிவரும் றோல்ஸ், மிதிவெடி போன்ற சிற்றுண்டிகளைப் பத்து மணிக்கு முன்னர் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்; முட்டையும் இறைச்சியும் வைத்த பண்டம் வானின் சூட்டில் மத்தியானம் வரை தாங்காது. தம்புள்ளை நகருக்குள் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறிகளால் வீதி நெருக்கமாக இருக்கும் என்பதால், கடைசிச் சில கிலோமீற்றருக்கு அரை மணித்தியாலத்தைக் கூடுதலாக ஒதுக்குங்கள். அறையில் சாமான்களை வைத்து, குளித்து, சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கே மைதானத்துக்குப் போய்விடலாம்.

வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள். கண்ணாடிப் போத்தல், தகரப் பேணி, மது ஆகியவற்றோடு போய்ப் பொலிஸாரிடம் வாதாடுவதில் பயனில்லை. குடையை அறையிலேயே விட்டுவிடுங்கள். அதை விரித்தால் பின்வரிசையில் இருப்பவருக்கு ஆட்டமே இல்லை. தொப்பி, சிறிய துவாய், சில்லறைக் காசு, மேலதிக மின்கலம் ஆகியவை போதும். உள்ளே போவதற்கு முன்னர் வான் நிற்கும் இடத்தை ஒரு படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பி, ஆட்டம் முடிந்ததும் எந்த வாயிலில் கூடுவது என்பதையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சனம் நிறைந்த நேரத்தில் கைபேசி அழைப்பு எடுபடாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

நேரத்தோடு போவதால் கிடைக்கும் பெரிய இலாபம் ஆட்டத்துக்கு முந்திய பயிற்சி. தொலைக்காட்சி காட்டாத பலவற்றை அப்போது காணலாம்: ஒரு வீரர் எல்லைக்கோட்டுக்கு அருகில் ஒரே விதமான பிடியை இருபது முறை எடுப்பது, பந்து வீச்சாளர் தன் ஓட்டத்தை அடியால் அளந்து அடையாளமிடுவது. ஆட்டம் தொடங்கிய பின்னரும் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், ஒவ்வொரு ஓவருக்கும் முன்னர் களத்தடுப்பாளர்கள் எங்கே நகர்த்தப்படுகிறார்கள் என்று பாருங்கள். லெக் பக்கத்தில் ஓர் ஆள் பின்னுக்குப் போனால் அடுத்து வரும் பந்தை ஓரளவு ஊகிக்கலாம். நண்பர்களிடையே அதை வைத்து ஒரு பிளேன் ரீ பந்தயம் கட்டுவது ஐம்பது ஓவர் ஆட்டத்தின் நடுப்பகுதியைக் கடக்க உதவும். பாண்ட் வாத்தியக்காரர்களுக்கு அருகில் இடம் கிடைத்தால் இந்த ஆய்வுகளை மறந்துவிட்டு ஆடத் தயாராகுங்கள்.

நெரிசலுக்குப் பயந்து கடைசி ஓவருக்கு முன்னர் எழும்பிவிடாதீர்கள். 2010 ஓகஸ்ட் 16ஆம் திகதி இந்த மைதானத்தில் இந்தியா வெல்வதற்கு ஓர் ஓட்டமும், சேவாக் சதமடிப்பதற்கு ஓர் ஓட்டமும் தேவைப்பட்டபோது, சுராஜ் ரந்திவ் வீசிய பந்து நோ போலாக, அதாவது எதிரணிக்கு ஓர் ஓட்டம் தரும் விதிமீறிய பந்தாக, அமைந்தது. சேவாக் அதை ஆறாக அடித்தும், நோ போலுக்கான ஓட்டத்தோடே ஆட்டம் முடிந்துவிட்டபடியால், அவர் 99இல் நின்றுவிட்டார். அன்று முன்கூட்டியே வாகனம் எடுக்கப் போனவர்கள், வருடக்கணக்காகப் பேசப்பட்ட ஒரு பந்தைத் தவறவிட்டார்கள். அறை எடுத்தவருக்கு அவசரம் இல்லை. வெளியே போகும் சனம் குறையும் வரை இருக்கையிலேயே அரை மணித்தியாலம் இருந்து, கச்சானை முடித்துவிட்டுப் போகலாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம் வந்துவிடலாம். வீட்டில் மரக்கறி வாங்கிவரச் சொல்லியிருந்தால், அதைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மொத்தமாக வாங்கிப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்; ஆனால் லீக்ஸ் கட்டுகளை வானின் பின்பக்கத்தில் வையுங்கள், மடியில் வைத்துக்கொண்டு 250 கிலோமீற்றர் வர முடியாது.